பொறியியல் பட்டியலில் இல்லாத டாடா இன்ஸ்டிடியூட்

கர்நாடகத்தில் இரண்டாம் பியூசி முடிவுகளும் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடிவுகளும் வெளியாகும் கோடை மாதங்களில், பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுதான். பிள்ளையைப் பொறியியலில் எங்கே சேர்ப்பது என்று தேடுகிறவர்கள், மத்திய அரசின் தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் பட்டியலில் பொறியியல் பகுதியைத் திறந்து பார்க்கிறார்கள். 2016-இல் பட்டியல் தொடங்கியதிலிருந்து அங்கே சென்னை ஐஐடிதான் முதலிடத்தில் இருந்துவருகிறது. அதற்குக் கீழே மற்ற ஐஐடிகள், திருச்சி என்ஐடி, வேறு பல கல்லூரிகள். யஷ்வந்த்பூருக்கும் மல்லேஸ்வரத்துக்கும் அருகே, நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் அந்த மரமடர்ந்த வளாகத்தின் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அதே தரவரிசையின் பல்கலைக்கழகப் பகுதிக்குப் போனால், முதல் வரியிலேயே அந்தப் பெயர் நிற்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அது மாறுவதும் இல்லை. பழைய பெங்களூர்க்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் நிறுவனம்தான் (ஐஐஎஸ்சி) அது.

பொறியியல் பட்டியல், நான்காண்டு இளநிலைப் பொறியியல் படிப்பை மையமாகக் கொண்ட கல்லூரிகளை அளப்பதற்கென்று வகுக்கப்பட்டது. ஐஐஎஸ்சியோ நூறாண்டுக்கும் மேலாகப் பட்டதாரிகளையே மாணவர்களாகச் சேர்த்து வளர்ந்த இடம். விமானப் பொறியியல், மின்பொறியியல், மின்னணுத் தகவல்தொடர்பு, இயந்திரவியல், கட்டுமானவியல், வேதிப் பொறியியல், உலோகவியல், கணினியியல் என்று ஒரு பெரிய பொறியியல் கல்லூரியில் இருக்கும் துறைகளெல்லாம் அங்கே உண்டு. ஆனால் அந்தத் துறைகளின் வகுப்பறைகளில் பதினெட்டு வயது மாணவர்களைப் பார்ப்பது அரிது. ஆகவே, கலந்தாய்வுக்குப் போகும் குடும்பத்துக்குத் தெரிந்த அளவுகோல்களான கட்-ஆஃப், இடங்களின் எண்ணிக்கை, வளாக நேர்காணல் சம்பளம் ஆகியவற்றைக் கொண்டு இந்த நிறுவனத்தின் பொறியியலை மதிப்பிட முடியாது. சுற்றியிருந்த தொழில்களின் தேவையும், வேறு ஊர்களில், வேறு கல்லூரிகளில் பட்டம் முடித்து இங்கே வந்து சேர்ந்தவர்களின் உழைப்பும் கூடி உண்டாக்கிய பெயர் இது. எப்படி உண்டானது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் பலம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது விளங்கும்.

ஜம்ஷெட்ஜி டாடா 1890-களின் இறுதியில் ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்காகத் தம் சொத்தில் ஒரு பெரும் பகுதியை ஒதுக்க முன்வந்தபோது, வைஸ்ராய் கர்சன் அதை ஐயத்தோடுதான் பார்த்தார். படிக்க மாணவர்கள் வருவார்களா, படித்தவர்களுக்கு வேலை கிடைக்குமா என்பவை அவர் கேள்விகள். வேதியியலாளர் வில்லியம் ராம்சே இந்தியாவுக்கு வந்து பல ஊர்களைப் பார்த்துவிட்டுப் பெங்களூரைப் பரிந்துரைத்தார். ரூர்க்கியும் பேசப்பட்டது. முடிவு பெங்களூர்ப் பக்கம் சாய்ந்ததில் மைசூர் அரசின் ஆதரவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆதரவைத் தொடங்கிவைத்தவர் திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, மைசூர் அரசுப் பணிக்குப் போனவர் அவர். அவர் 1901-இல் காலமானார். டாடா 1904-இல் காலமானார். இருவருமே நிறுவனத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. 1907-இல் மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909-இல் நிறுவனம் சட்டப்படி உருவானது. 1911-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது திறக்கப்பட்ட துறைகளில் ஒன்று வேதியியல், இன்னொன்று மின்தொழில்நுட்பம்.

அறிவியலின் பெயரால் தொடங்கிய ஒரு நிறுவனம் முதல் நாளிலேயே மின்தொழில்நுட்பத்தைக் கையில் எடுத்ததற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அன்றைய இந்தியாவில் இருந்திருக்க முடியாது. சேஷாத்ரி ஐயர் திட்டமிட்ட சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-இல் இயங்கத் தொடங்கியது. காவிரி அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே பயணம் செய்து கோலார் தங்க வயலின் இயந்திரங்களை ஓட்டியது. ஆசியாவிலேயே அவ்வளவு நீண்ட மின்தடம் அதற்கு முன் இருந்ததில்லை. அந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். 1905-இல் பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கும் அதே மின்சாரம் வந்தது. அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும்போது வரும் இழப்பு, மின்காப்பான்களின் பழுது, மின்மாற்றிகளின் சூடு ஆகிய சிக்கல்களெல்லாம் அந்த மாநிலத்தின் அன்றாடச் சிக்கல்களாக இருந்தன. அந்தப் பொறியாளர்களுக்கு அருகிலேயே ஒரு மின்தொழில்நுட்பத் துறை அமைந்தது. உயர் மின்னழுத்த ஆய்வு அங்கே பிற்காலத்தில் தனி ஆய்வுக்கூடமாக வளர்ந்து, நாட்டின் மின்சாரத் துறைக்குப் பல தலைமுறைப் பொறியாளர்களைத் தந்தது.

வேதியியல் துறையும் வெறும் பாடப்புத்தகத் துறையாக இருக்கவில்லை. முதல் உலகப் போருக்கு முன் மைசூர்ச் சந்தனக்கட்டை ஏலத்தில் விற்கப்பட்டு, பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போய் அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914-இல் போர் மூண்டதும் அந்த வாணிபம் நின்றது; வெட்டிய மரம் கிடங்குகளில் தங்கியது. அப்போது மைசூர் அரசின் தொழில்துறையை நடத்திவந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவரும் அவரே. சந்தன எண்ணெயை இங்கேயே எடுக்க முடியுமா என்ற கேள்வி ஐஐஎஸ்சி வேதியியலாளர்கள் சட்பரோ, வாட்சன் ஆகியோரிடம் வந்தது. சந்தன எண்ணெய் மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியிலும் வேரிலும்தான் இருக்கிறது. மரத்தைச் சீவித் தூளாக்கி, அதனூடே நீராவியைச் செலுத்தி, ஆவியோடு சேர்ந்து வரும் எண்ணெயைக் குளிர்வித்துப் பிரிக்க வேண்டும். எண்ணெயின் கொதிநிலை மிக அதிகம் என்பதால் அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அவசரப்பட்டால் பாதி மரத்திலேயே தங்கிவிடும், சூட்டை ஏற்றினால் மணம் கெடும். ஆய்வுக்கூடத்தில் இதைச் சரிப்படுத்திய பின் 1916-இல் பெங்களூரில் அரசு சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கியது. 1918-இல் அந்த எண்ணெயிலிருந்து மைசூர் சாண்டல் சோப் வந்தது. இன்று மெட்ரோவின் பச்சைத் தடத்தில், ஐஐஎஸ்சியிலிருந்து அதிகத் தொலைவில்லாமல், சாண்டல் சோப் ஃபேக்டரி என்றே ஒரு நிலையம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான். அந்த நெருக்கமே இந்த நிறுவனத்துப் பொறியியலின் முதல் பலம் என்று நான் கருதுகிறேன்.

அந்த நெருக்கம் எப்போதும் சச்சரவின்றி இருந்ததில்லை. 1933-இல் சி. வி. ராமன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். திருச்சிக்கு அருகே பிறந்து, நோபல் பரிசு பெற்றுத் திரும்பிய அவர், இயற்பியல் துறையைப் புதிதாகத் தொடங்கி, அதை உலகத் தரத்துக்குக் கொண்டுவரத் துடித்தார். நிதி வரம்புக்குள் இருந்த ஒரு நிறுவனத்தில் ஒரு துறை வேகமாக வளர்ந்தால் மற்றத் துறைகளுக்கு மூச்சு முட்டும். வேதியியலும் மின்தொழில்நுட்பமும் புறக்கணிக்கப்படுகின்றன என்ற முறையீடு எழுந்து, விசாரணைக் குழு அமைந்து, 1937-இல் ராமன் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக மட்டும் 1948 வரை தொடர்ந்தார். அடிப்படை அறிவியலா, தொழிலுக்கு உதவும் பொறியியலா என்ற அந்தப் பூசலில் இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு 1942-இல் இங்கே மின்பொறியியல் படிக்க வந்த ஜி. என். ராமச்சந்திரன் என்ற இளைஞரை ராமன் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தைச் சொன்னவரும், புரத வடிவங்களை ஆராய்வோர் இன்றும் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்தவரும் அவர்தான். மின்பொறியியல் ஒருவரை இழந்தது, உயிர் இயற்பியல் ஒருவரைப் பெற்றது. ஒரே வளாகத்தில் இரண்டும் இருந்ததால்தான் அந்த மாற்றம் நிகழ முடிந்தது.

பொறியியலின் பக்கம் தராசைத் திரும்பச் சாய்த்தது இரண்டாம் உலகப் போர். 1939 முதல் 1948 வரை இயக்குநராக இருந்த ஜே. சி. கோஷ் காலத்தில் விமானப் பொறியியல், உலோகவியல், உள்ளெரி எந்திரவியல், மின்னணுத் தகவல்தொடர்பு என்று துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இவற்றுள் விமானப் பொறியியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐஐஎஸ்சியின் பெயர் எப்படி எழும்பியது என்பதை அந்த ஒரு துறையின் கதையே காட்டிவிடும்.

1940 இறுதியில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை (பின்னாளில் ஹெச்ஏஎல்) தொடங்கினார். போர் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலை அங்கே குவிந்தது. விமானத்தைப் பழுதுபார்க்க மெக்கானிக் போதும். புதிதாக ஒன்றை வடிவமைக்க வேண்டுமென்றால், இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்க 1942-இல் ஐஐஎஸ்சியில் விமானப் பொறியியல் துறை பிறந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டிலிடம் பயின்ற வி. எம். கட்கே அதற்குத் தலைமை ஏற்றார். அவரே பின்னர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் வடிவமைப்புக் குழுவை நடத்தினார். அங்கே உருவான எச்டி-2 பயிற்சி விமானம் 1951-இல் பறந்தது. இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு, தொழிற்சாலையில் தொடர்ந்து உற்பத்தி செய்யப்பட்ட தொடக்க கால விமானங்களுள் அது ஒன்று. கல்வி நிறுவனமும் தொழிற்சாலையும் ஒருவருக்கொருவர் ஆட்களை மாற்றிக்கொண்ட அந்தப் பழக்கம் அன்று தொடங்கியதுதான்.

அதே 1951-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் முடித்து சதீஷ் தவான் இங்கே வந்து சேர்ந்தார். ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றைச் செலுத்தும் சுரங்கத்தை நாட்டில் முதன்முதலாக அமைத்தவர் அவர். காற்றுச் சுரங்கத்தின் அடிப்படை எளிது. விமானம் காற்றில் பறப்பதற்குப் பதிலாக, அசையாத மாதிரியின் மேல் காற்றை அனுப்புகிறோம். மாதிரியைத் தாங்கி நிற்கும் தராசு, காற்று அதை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறது என்று அளந்து சொல்லும். 1959-இல் இயங்கத் தொடங்கிய பெரிய காற்றுச் சுரங்கத்தின் சோதனைப் பகுதி 14 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்டது. ஒரு வீட்டு அறை அளவு. விமான மாதிரிகள் மட்டுமல்ல, உயரமான கட்டடங்களும் கோபுரங்களும் புயற்காற்றைத் தாங்குமா என்பதும் அதில் சோதிக்கப்பட்டது. அயல்நாட்டிலிருந்து கருவிகளை வாங்க அந்நியச் செலாவணி இல்லாத காலம் அது. வளாகத்துப் பட்டறையில் கிடைத்ததைக் கொண்டு கருவிகளைச் செய்துகொள்ளும் வழக்கம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகவே அமைந்தது. பின்னர் ஒலியைப் போலப் பல மடங்கு வேகத்தில் பாயும் காற்றை நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் உண்டாக்கும் அதிர்வலைச் சுரங்கங்களும் அங்கே கட்டப்பட்டன. விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது அதன் மேற்பரப்பு எவ்வளவு சூடேறும் என்று தெரிந்துகொள்ள அவை உதவின.

தவானும் அவர் மாணவர் ரொத்தம் நரசிம்ஹாவும் 1958-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையின் அறிவுப் பலத்துக்கு நல்ல சான்று. ஒரு பரப்பின் மேல் ஓடும் காற்று முதலில் ஒழுங்கான அடுக்குகளாக ஓடும். கொஞ்ச தூரம் போனதும் குழம்பிக் கொந்தளிக்கத் தொடங்கும். அந்த இடைப்பட்ட பகுதியில் கொந்தளிப்பு ஒரேயடியாக எல்லா இடத்திலும் வருவதில்லை. ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தோன்றி, பரவி, பிறகு ஒன்றுசேர்கிறது. ஓரிடத்தில் எவ்வளவு நேரம் கொந்தளிப்பு இருக்கும் என்பதை எளிய சூத்திரத்தில் அவர்கள் கொடுத்தார்கள். ஜெட் எந்திரங்களின் சுழலி இலைகளை வடிவமைப்பவர்கள் இன்றைக்கும் அந்த வழியில் வந்த கணக்குகளைப் பயன்படுத்துகிறார்கள். பெங்களூரில், சிக்கனமான கருவிகளைக் கொண்டு செய்த அளவீட்டிலிருந்து வந்த முடிவு அது.

1962-இல் தவான் இயக்குநரானார். 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1972-இல் இஸ்ரோவின் தலைமை அவரிடம் வந்தபோது, ஐஐஎஸ்சி இயக்குநர் பதவியை விடாமலேயே அதை ஏற்றார். விண்வெளித் திட்டத்தின் தலைமையகமும் பெங்களூரில் அமைந்தது. நரசிம்ஹா பின்னர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்துக்கு (என்ஏஎல்) தலைமை தாங்கினார். அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பி. நீலகண்டன், ராமனிடம் ஆய்வு செய்தவர். ஹெச்ஏஎல், என்ஏஎல், இஸ்ரோ, பிற்காலத்தில் தேஜஸ் போர் விமானத்தை வடிவமைத்த ஏடிஏ என்று பெங்களூரில் வானம் தொடர்பான எந்த நிறுவனத்தை எடுத்தாலும், அதன் தொடக்க காலத்தில் ஐஐஎஸ்சியின் கை இருக்கும். இந்தத் தொடர்புகள் எந்தத் தரவரிசையின் மதிப்பெண்ணுக்கும் வசப்படுவதில்லை.

மின்னணுத் துறையிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1948-இல் தொலைபேசிக் கருவிகளுக்கு ஐடிஐ, 1953-இல் இயந்திரக் கருவிகளுக்கு ஹெச்எம்டி, 1954-இல் மின்னணுக் கருவிகளுக்கு பிஇஎல் என்று பொதுத்துறை ஆலைகள் பெங்களூரில் அமைந்தன. அவற்றுக்குப் பொறியாளர்களைத் தந்த இடங்களில் ஐஐஎஸ்சியும் ஒன்று. அங்கே நுண்ணலைப் பொறியியலையும் ஆன்டெனா ஆய்வையும் வளர்த்தவர்களில் ராஜேஸ்வரி சட்டர்ஜி குறிப்பிடத்தக்கவர். மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1953-இல் ஆசிரியராகச் சேர்ந்து, பெண்கள் பொறியியலுக்கு வராத காலத்தில் ஒரு துறையையே தலைமை தாங்கி நடத்தினார். ராமன் இயக்குநராக இருந்தபோது உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனிக்குப் பெண் என்பதாலேயே முதலில் இடம் மறுக்கப்பட்ட வளாகம் அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

விண்கலமும் ரேடாரும் மட்டுமே பொறியியல் என்று அங்கே எல்லோரும் நினைத்துவிடவில்லை. 1974-இல் மின்வேதியியலாளர் ஏ. கே. என். ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா என்ற பிரிவு, கிராமத்தில் எரிபொருள் எங்கிருந்து வருகிறது, யார் சுமந்து வருகிறார்கள், எவ்வளவு வீணாகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தது. தும்கூர் மாவட்டத்தில் உங்க்ரா என்ற ஊரில் கள ஆய்வு நிலையம் அமைந்தது. புகையைக் குறைத்து விறகை மிச்சப்படுத்தும் அஸ்த்ரா ஒலெ என்ற அடுப்பு அங்கிருந்துதான் வந்தது. மண்ணோடு சிறிதளவு சிமென்ட் கலந்து கைவிசை அச்சில் அழுத்திச் செய்யும் கல்லும் அங்கே மெருகேறியது. சூளையில் சுடத் தேவையில்லாததால் விறகும் நிலக்கரியும் மிச்சம். பெங்களூரில் அந்தக் கல்லால் கட்டிய வீடுகள் பல நிற்கின்றன. பொறியியல் கல்விக்கு இதைவிட நேர்மையான பாடத்திட்டம் இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் ஐஐஎஸ்சியைப் புகழ்பவர்களில் பலருக்கு இந்தப் பிரிவின் பெயர்கூடத் தெரியாது.

தமிழ் மாணவர்களுக்கு இந்த நிறுவனம் ஏன் முக்கியம் என்பது, அதன் வாசல் எந்த வயதில் திறக்கிறது என்பதில் இருக்கிறது. ஐஐடிக்கான தேர்வு பதினேழு, பதினெட்டு வயதில் ஒருவரைத் தீர்மானிக்கிறது. பயிற்சி வகுப்புக்குப் பணமும், நல்ல பள்ளியும், தேர்வைப் பற்றித் தெரிந்த பெற்றோரும் இல்லாத பிள்ளைக்கு அந்த வயதில் அது எட்டாது. ஐஐஎஸ்சியின் எம்.டெக். வாசல் பட்டப்படிப்புக்குப் பிறகு, முதுநிலைப் பொறியியலுக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வின் வழியாகத் திறக்கிறது. கோவையிலோ காரைக்குடியிலோ திருநெல்வேலியிலோ ஓர் அரசுக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் கவனமாகப் படித்தவருக்கு, இருபத்தொரு வயதில் இன்னொரு வாய்ப்பு. முன்பு பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கென்று மூன்றாண்டு பி.இ. படிப்பும் இங்கே இருந்தது. சி. ராஜம் 1949-இல் நிறுவிய குரோம்பேட்டை எம்ஐடியும் அதே முறையில் பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்ததை நம்மவர்கள் அறிவார்கள்.

கே. சிவன் வந்த வழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமமொன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து, நாகர்கோவிலில் கணிதப் பட்டம் பெற்று, எம்ஐடியில் விமானப் பொறியியல் முடித்து, 1982-இல் ஐஐஎஸ்சியில் எம்.இ. பெற்று, அதே ஆண்டில் இஸ்ரோவில் சேர்ந்தார். 2018 முதல் 2022 வரை அதன் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் வந்த எஸ். சோமநாத்தும் கொல்லத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு ஐஐஎஸ்சியில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்தான். இருவரும் இளநிலையில் ஐஐடி மாணவர்கள் அல்லர். திறமை பிறகு தெரியவரும் மாணவர்களுக்கு ஒரு பெரிய நிறுவனம் கதவைத் திறந்து வைத்திருந்ததால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பதை இவர்களைக் கொண்டு அளக்கலாம்.

இனி, இந்தப் புகழை எங்கே கவனத்தோடு படிக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் வெளியான க்யூஎஸ் உலகத் தரவரிசையில், ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மேற்கோள்கள் என்ற அளவுகோலில் ஐஐஎஸ்சி நூற்றுக்கு நூறு பெற்று உலகின் முதலிடத்தைப் பிடித்தது. தமிழ் நாளிதழ்களிலும் அந்தச் செய்தி பெருமையோடு வந்தது. அந்த எண் இயற்பியல், வேதியியல், உயிரியல், பொறியியல் அனைத்தையும் சேர்த்த எண். ஆசிரியர் எண்ணிக்கை குறைவாக உள்ள, ஆய்வையே முதன்மையாகச் செய்யும் நிறுவனத்துக்கு அது சாதகமான அளவுகோலும்கூட. பொறியியல் கற்பித்தலின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதுபோலவே, வளாக நேர்காணலில் கிடைக்கும் சம்பளத்தை வைத்து ஐஐஎஸ்சியை ஐஐடிகளோடு ஒப்பிடுவதும் சரிவராது. இங்கே மாணவர்களில் பெரும்பான்மையோர் முனைவர் பட்ட ஆய்வாளர்கள். அவர்களுக்கு முன்னால் இருப்பது ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட ஆய்வு, மாதந்தோறும் உதவித்தொகை, முடித்த பிறகு ஆய்வுப் பணிக்கான தேடல். சகவயதினர் மென்பொருள் நிறுவனங்களில் வீட்டுக் கடன் கட்டத் தொடங்கும் வயதில் இவர்கள் இன்னும் மாணவர்கள். வீட்டில் பணத்தேவை உள்ள பிள்ளைக்கு இது சாதாரண முடிவன்று; பெற்றோரோடு வெளிப்படையாகப் பேசிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தொழில்களோடான நெருக்கமும் மாறியிருக்கிறது. பொதுத்துறை ஆலைகளின் காலத்தில் இருந்த நேரடித் தொடர்பு, மென்பொருள் துறை பெங்களூரை நிரப்பிய காலத்தில் மெலிந்தது. எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வைட்ஃபீல்டுக்கும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஐஐஎஸ்சி அவ்வளவு பேரை உருவாக்கும் இடமன்று, அந்த வேலையைப் பிற கல்லூரிகள் செய்தன. எனினும் கணினியியல் துறை ஆசிரியர்கள் 2001 வாக்கில் சிம்ப்யூட்டர் என்ற மலிவுவிலைக் கைக்கணினியை ஒரு பெங்களூர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். சந்தையில் அது வெல்லவில்லை; ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்திய மொழிகளில் பயன்படுத்தும் கருவி என்ற எண்ணம் திறன்பேசிக்கு முன்பே அங்கே வடிவம் பெற்றிருந்தது. இன்று அந்த நெருக்கம் திரும்பிவரும் இடமாக நான் பார்ப்பது நானோ அறிவியல் மையத்தைத்தான். தூசு புகாத பெரிய ஆய்வு அறைகளில் அங்கே சில்லு செய்யும் முறைகளை மாணவர்கள் கையால் பழகுகிறார்கள். காலியம் நைட்ரைடு என்ற பொருளில் மின்திறன் சில்லுகள் செய்யும் ஆய்வும் நடக்கிறது. குறைக்கடத்தி ஆலைகளைக் கட்டப்போவதாக நாடு முழுவதும் அறிவிப்புகள் வரும் இந்தக் காலத்தில், அந்த ஆலைகளுக்குள் நுழைந்ததும் வேலை தெரிந்தவர்களாக இருக்கக்கூடியவர்களை உருவாக்கும் இடங்கள் இந்தியாவில் மிகச் சிலவே.

இளநிலைப் பக்கமும் நிறுவனம் அடியெடுத்து வைத்திருக்கிறது. 2011-இல் நான்காண்டு அறிவியல் பட்டமும், 2022-இல் கணிதமும் கணினியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பும் தொடங்கின. பி.டெக். இடங்கள் ஏறத்தாழ 50 மட்டுமே. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் மிக முன்னணியில் வருபவர்களுக்குத்தான் அவை எட்டும். அதே 2022-இல் பாக்சி, பார்த்தசாரதி குடும்பங்கள் அளித்த 425 கோடி ரூபாயில் வளாகத்துக்குள் மருத்துவமனையும் முதுநிலை மருத்துவக் கல்வியும் தொடங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மருத்துவரும் பொறியாளரும் ஒரே இடத்தில் வேலை செய்தால் கருவிகள் நோயாளியின் தேவையிலிருந்து பிறக்கும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம்.

ஆகவே, பியூசி முடித்த பிள்ளைக்கு ஐஐஎஸ்சி பொருந்துமா என்று கேட்கிற குடும்பத்துக்கு, அந்த ஏறத்தாழ 50 இடங்களையும் அறிவியல் பட்டப்படிப்பையும் தவிர வேறு வழி இப்போதைக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தமிழ்நாட்டிலோ பெங்களூரிலோ ஒரு சாதாரணப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. கேட் தேர்வு ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கிறது; ஐஐஎஸ்சியும் ஏழு ஐஐடிகளும் சேர்ந்து நடத்துகின்றன. பாடப்பிரிவு எம்.டெக். இடங்கள் பெரும்பாலும் அந்த மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. தேர்ந்து வந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆய்வுப் பிரிவு எம்.டெக்.கிற்கும் முனைவர் பட்டத்துக்கும் நேர்காணல் இருக்கிறது. அங்கே கல்லூரியின் பெயரைவிட அடிப்படைதான் கேட்கப்படும்: நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, தம் துறையில் தமக்குப் பிடித்த இரண்டு பாடங்கள். அந்த இரண்டு பாடங்களையாவது மதிப்பெண்ணுக்காக இல்லாமல், கரும்பலகை முன்னால் நின்று தொடக்கத்திலிருந்து விளக்கும் அளவுக்கு மூன்றாம் ஆண்டிலேயே படித்துவைப்பது நல்லது.